போனையும் லேப்டாப்பையும் நம்பிக் கச்சேரி மேடை ஏறலாமா?

கேட்டவர் கும்பகோணம் பக்கம் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி. கேள்வியின் சாரம் இது: "அண்ணே, என் பழைய கீபோர்டில் கட்டைகள் நன்றாக இருக்கின்றன. ஒலிகள்தான் பழசாகிவிட்டன. புது ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டு வாங்க வசதியில்லை. கையில் ஆண்ட்ராய்டு போன், வீட்டில் விண்டோஸ் லேப்டாப். இவற்றைக் கீபோர்டோடு இணைத்து மாரியம்மன் திருவிழாக் கச்சேரியில் வாசிக்கலாமா? நாதஸ்வரம், தவில் ஒலி கிடைக்குமா? குழுவில் எல்லோரும் கேலி பண்ணுகிறார்கள்."

வாசிக்கலாம், தம்பி. எந்தக் கருவியை எந்த வேலைக்கு வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விரலால் வாசிக்கும் ஒலிக்குப் பழைய ஐபேடு ஒன்று, அல்லது உங்கள் லேப்டாப். சுருதிக்கும், ரிதம் டிராக்குக்கும், நடுவில் தட்டிவிடும் சத்தங்களுக்கும் ஆண்ட்ராய்டு போன். என் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

ஒலியின் தரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுமாரான போனில் ஓடும் பியானோ சாம்பிள்கூட (நிஜ வாத்தியத்திலிருந்து பதிவு செய்த ஒலி) பழைய கீபோர்டின் பியானோவை மிஞ்சிவிடும். தகராறு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் விழும் தாமதம். இன்னொன்று, போனிலிருந்து மைக் செட்டுக்குப் போகும் ஒயர்.

முதலில் தாமதம். லேட்டன்சி என்பது இதைத்தான். டிஜிட்டல் கருவி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து, சேர்ந்ததும் மொத்தமாக வெளியே தள்ளும். அப்படிச் சேர்த்துவைக்கும் இடம் பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 துணுக்காக (இதையும் சாம்பிள் என்றே சொல்வார்கள்) வெட்டும் கணக்கில் 256 சாம்பிள் பஃபர் ஏறக்குறைய 5.3 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. செயலியில் நீங்கள் பார்க்கும் எண் இது மட்டும்தான். அதற்கு மேல் போனின் இயங்குதளமும் ஒலிச்சிப்பும் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற செய்தியைக் கீபோர்டிலிருந்து கொண்டுபோகும் மிடி ஒயரைக் குறை சொல்ல வேண்டாம். 1983-இல் வந்த ஐந்து முள் மிடிகூட ஒரு சுரத்தை அனுப்ப ஒரு மில்லிசெகண்ட்தான் எடுக்கிறது.

எவ்வளவு தாமதம் தாங்கும்? நம் ஊர்ச் சூட்டில் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஆக 10 மில்லிசெகண்டுக்கு மூன்றரை மீட்டர். டிரம்ஸிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் பாடகருக்கு எப்போதும் 10 மில்லிசெகண்ட் பிந்தித்தான் கேட்கிறது; அவருக்கு அது தெரிவதே இல்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது, 35 மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்த இருவருக்கு நடுவே நேரடி ஒலி பத்தில் ஒரு நொடி பிந்திப் போய்ச் சேரும். அத்தனை குரல்களுக்கு நடுவில் அது கரைந்துவிடும். தனி ஆளாகத் துரிதமாகப் பிட் வாசிக்கும் உங்களுக்குக் கரையாது. என் அனுபவக் கணக்கு: 10 வரை கைக்குத் தெரியாது, 15, 20 என்றால் ஒத்திகையில் பழகிவிடும், 30-ஐத் தாண்டினால் நீங்கள் ஒலிக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பீர்கள், தாளம் இழுக்கும். இதுவும் ஒலிக்கு ஒலி மாறும். மெதுவாக எழும் வயலின் கூட்ட ஒலியில் தாமதம் ஒளிந்துகொள்ளும். பியானோவில் வெளியே தெரியும். தாள வாத்தியத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

இதனால்தான் மேடையில் உங்களுக்கென்று ஒரு மானிட்டர் ஸ்பீக்கரோ ஒயர் வைத்த இயர்போனோ கட்டாயம் வேண்டும் என்கிறேன். திருவிழாவில் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். 100 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரிலிருந்து உங்கள் வாசிப்பே கால் நொடிக்கும் மேல் பிந்தித் திரும்பி வரும். அதைக் கேட்டு வாசித்தால் எந்தக் கருவியானாலும் தாளம் போய்விடும். புளூடூத் இயர்போன், புளூடூத் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். சாதாரணமாக 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் அதிலேயே போய்விடும்.

இப்போது உங்கள் ஆண்ட்ராய்டு போன். பல காலம் ஆண்ட்ராய்டில் நேரடியாக வாசிப்பது முடியாத காரியமாகவே இருந்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது தாமதத்தைக் குறைக்க ஏஆடியோ என்ற புது வழியைக் கூகுள் கொடுத்தது. அப்புறம் நிலைமை நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் போன் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஏதாவது மாற்றி வைக்கிறது. செயலியும் இந்தப் புது வழியைப் பயன்படுத்தினால்தான் பலன். ஆகவே யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே சோதித்துவிடுங்கள். ஏதாவது ஒரு பியானோ செயலியைத் திறந்து, திரையில் நகம் படும்படி 'டக்' என்று தட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு போனை வைத்து அதைப் பதிவு செய்யுங்கள். பதிவை லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் திறந்தால் நகச் சத்தம் ஒரு முள்ளாகவும் பியானோ ஒலி அதற்கடுத்தும் தெரியும். நடுவிலுள்ள இடைவெளிதான் மொத்தத் தாமதம். 30, 40 மில்லிசெகண்டுக்குள் வந்தால் நம்பிக்கை வைக்கலாம். தொடுதிரை விரலை உணர எடுக்கும் நேரமும் அதில் சேர்ந்திருப்பதால், மிடி கட்டையில் வாசிக்கும்போது இன்னும் குறையும். 80, 100 என்று காட்டினால் அந்தப் போனை விரலுக்கு வைக்காதீர்கள், டிராக்குக்கு வையுங்கள்.

இணைப்பது சுலபம். கீபோர்டின் பின்னால் சதுர யூஎஸ்பி துளை இருந்தால், போனில் யூஎஸ்பி ஒயரைச் செருக உதவும் ஓடிஜி அடாப்டர் ஒன்றும் பிரிண்டருக்குப் போடும் ஒயரும் போதும். ஐந்து முள் மிடி மட்டும்தான் என்றால் யூஎஸ்பி மிடி ஒயர் வாங்க வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அடிமட்ட விலைக்கு வரும் ஒயர்களில் சில, வேகமாக வாசிக்கும்போது 'கட்டையை விட்டாயிற்று' என்ற செய்தியைத் தவறவிடும். அந்தச் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

காசு கொஞ்சம் இருக்கிறது, ஏதாவது ஒன்று வாங்கலாம் என்றால் புது ஆண்ட்ராய்டு போன் வேண்டாம். கைமாறி வரும் ஐபேடு வாங்குங்கள். ஆப்பிளின் மேல் எனக்குத் தனிப் பிரியம் ஒன்றுமில்லை. இசை வேலைக்கு அவர்கள் முன்பே அடித்தளம் போட்டுவிட்டார்கள். 2010-இலேயே அந்தக் கருவிகளில் மிடி வந்துவிட்டது, 2011-இல் கராஜ்பேண்டு என்ற ஆப்பிளின் இசைச் செயலி வந்தது. தாமதம் மாடலுக்கு மாடல் பெரிதாக மாறுவதில்லை. அதிலும் 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை சாதா ஐபேடைத் தேடுங்கள். சாதா ஐபேடுகளில் ஹெட்போன் துளையோடு வந்தது அதுதான் கடைசி. 2022-இன் பத்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். அந்தத் துளை இருப்பதால் ஒலி அதன் வழியாக வெளியே போகும். கீழே இருக்கும் லைட்னிங் வாயில் ஆப்பிளின் கேமரா அடாப்டரைச் செருகினால் கீபோர்டு ஒயரும் சார்ஜரும் ஒன்றாகச் சேரும். அந்த அடாப்டரில் இரண்டு வகை உண்டு. சார்ஜர் வாய் சேர்ந்த யூஎஸ்பி 3 வகையைக் கேட்டு வாங்குங்கள். கச்சேரி விடிய விடியப் போகும் ஊர்களுக்கு மற்றது உதவாது. ஒலிக்குக் கராஜ்பேண்டில் ஆரம்பியுங்கள். பியானோவும் எலெக்ட்ரிக் பியானோவும் நன்றாக வேண்டுமென்றால் பிறகு கோர்க் மாட்யூல் என்ற செயலியைப் பார்க்கலாம்.

உங்கள் லேப்டாப்பும் சளைத்ததில்லை. ஆனால் அதைப் பழக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையில் தாமதம் அதிகம். 1990-களில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த ஆசியோ என்ற குறுக்குப் பாதை வழியாகத்தான் வாசிக்க வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலிக்கென்றே லேப்டாப்புக்கு வெளியே மாட்டும் பெட்டி) இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஆசியோ4ஆல் போட்டுப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதோடு வரும் டிரைவரையே போடுங்கள். பிறகு லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சற்று நேரம் ஓடவிட்டால், எந்த டிரைவர் ஒலியைத் தடுக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் வைஃபைதான் குற்றவாளி. கச்சேரி நேரத்தில் வைஃபை, புளூடூத், அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பவர் பிளானை உச்சத் திறனுக்கு மாற்றுங்கள். மூடியை இறக்கினாலும் தூங்காதபடி அமையுங்கள். பஃபரை 128-இல் ஆரம்பித்து, 'பட் பட்' என்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள். கச்சேரிக்குப் போகும் லேப்டாப்பில் பிள்ளைகள் கேம் விளையாடக் கூடாது. வீட்டில் இதைச் சொல்வதுதான் கஷ்டமான பகுதி.

ராஸ்பெரி பை பற்றியும் சிலர் சொல்வார்கள். சீட்டுக்கட்டு அளவுள்ள கணினிப் பலகை அது. சின்தியன் போன்ற மென்பொருளைப் போட்டால் முழுக் கருவியாகவே மாறும். லினக்ஸ் தெரிந்து, கட்டளை தட்டிப் பொழுதுபோக்குபவருக்கு அது நல்ல விளையாட்டு. திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் அது அணைந்து, மறுபடி எழுந்திருக்க நேரம் எடுக்கும். மெமரி கார்டும் கெடலாம். பேட்டரி உள்ள போனும் லேப்டாப்பும் அந்த நொடியைக் கண்டுகொள்வதே இல்லை. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து ஒயர். மேடையில் போனுக்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் இங்கேதான், பழியோ போன் மேல் விழுகிறது. நீங்கள் 3.5 ஸ்டீரியோ பின்னிலிருந்து பெரிய 6.35 ஸ்டீரியோ பின் ஒயரைக் கொடுப்பீர்கள். மைக் செட்டுக்காரர் அதை மிக்சரில் ஒற்றைச் சேனலில் செருகுவார். பேலன்ஸ்டு உள்ளீடு உள்ள மிக்சர் அந்தப் பின்னின் இரண்டு முனைகளிலும் வருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துக்கொள்ளும். இடது வலது இரண்டிலும் பொதுவாக உள்ளதெல்லாம் அடித்துப்போகும். பியானோ உள்ளே ஒன்றுமில்லாமல் கேட்கும், பேஸ் காணாமல் போகும், டிராக்கில் குரல் இருந்தால் குரலே மறைந்துவிடும். "போன்ல சத்தம் பத்தல" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஒரு ஸ்டீரியோ பின் இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் ஒயரை நீங்களே பையில் வைத்துக்கொண்டு, இரண்டு சேனலில் கொடுக்கச் சொல்லுங்கள். மிக்சர் மேடைக்கு எதிரே தூரத்தில் இருந்தால் டி.ஐ. பாக்ஸ் ஒன்று அவசியம். நீளமான சாதா ஒயர் வழியெங்கும் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வரும்; டி.ஐ. பாக்ஸ் அதை மைக் ஒயர் வழியாகச் சுத்தமாக அனுப்பும்.

'ம்ம்ம்' என்று அடிநாதமாக ஓர் இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால், லேப்டாப்பின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் வேறு வேறு பாதையில் சுற்றுகின்றன என்று அர்த்தம். டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்கள். அல்லது பேட்டரியில் வாசியுங்கள். இரைச்சல் நிற்க வேண்டுமென்று பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் வழக்கத்தை நம் பக்க மேடைகளில் பார்க்கிறேன். ஈர மண்ணில் போட்ட மேடையில், கையில் மைக் பிடித்துப் பாடும் ஒருவரை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே கூடாது. உயிர் போகும் காரியம்.

ஃப்ளைட் மோடு போடச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சித்தப்பா கூப்பிட்டால் ரிங்டோன் ஊரெல்லாம் கேட்கும்.

சூட்டை மறந்துவிடாதீர்கள். ஐபேடும் ஐபோனும் 35 டிகிரி வரையிலான சூட்டில் பயன்படுத்தத்தான் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை, வைகாசியில் மதியம் சவுண்ட் செக்குக்குத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தீர்களானால் திரை மங்கும், வேகம் குறையும், பிறகு எச்சரிக்கை காட்டி வேலையை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான், சொல்லாமல் செய்யும். உறையைக் கழற்றி, நிழலில், காற்றுப்படும்படி வையுங்கள். சார்ஜ் போட்டபடி வெயிலில் வைக்காதீர்கள். பின்னிரவில் வேறு தொல்லை. மார்கழி, தையில் ஆற்றங்கரை ஊர்களில் பனி இறங்கினால் திரையில் ஈரம் படிந்து, தொடாததையெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். ஒலி மாற்றுவதைத் திரையில் வைக்காமல், கீபோர்டிலுள்ள பட்டன்களுக்கே மிடி வழியாக ஒதுக்கிவிட்டால் அந்தக் கவலை பாதி போய்விடும்.

நாதஸ்வரம், தவில் கேட்டிருந்தீர்கள். 1991-இல் கீபோர்டுகளுக்குப் பொதுவாக ஜெனரல் மிடி என்று 128 ஒலிகளை எண் போட்டுப் பட்டியலிட்டார்கள். அதில் 105 சிதார், 112 ஷெனாய். நாதஸ்வரம் இல்லை. பல கீபோர்டுகளில் நாதஸ்வரம் என்ற பெயரில் வருவது ஷெனாய்க்கு அண்ணனோ தம்பியோதான். தனியாக நல்ல சாம்பிள் கிடைத்தாலும் எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. நாதஸ்வரத்தின் உயிர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வழியில் இருக்கிறது. கட்டையில் அந்த வழி கிடையாது. பிட்ச் பெண்டு சக்கரத்தால் கொஞ்சம் ஒப்பேற்றலாம். பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் நகரும்படி அமைத்திருப்பார்கள். பெரும்பாலான கமகத்துக்கு அது போதும். ஐபேடில் ஜியோஷ்ரெட் என்ற செயலி இருக்கிறது. அதில் கட்டையே இல்லை, கண்ணாடியில் விரலை இழுத்து வாசிக்கலாம். ஐபேடில் கர்நாடக இசை வாசித்துப் பெயர் வாங்கிய மகேஷ் ராகவன் பயன்படுத்துவது அதைத்தான். உழைத்தால் அதில் நிஜமான கமகம் வரும். ஆனால் அது ஒரு புது வாத்தியம். ஒரு திருவிழாவுக்குள் கைவராது.

அப்புறம், எந்த ஊரில் வாசிக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைத் தாத்தா காலத்திலிருந்து பேசும் ஊர்கள் இவை. முதல் பிடியிலேயே போலி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டின் தொடக்கத்தில் நாதஸ்வரம் வேண்டுமென்றால், உள்ளூர் வித்வான் ஒருவரைச் சன்மானம் கொடுத்து மேடைக்கே அழையுங்கள். சுவாமி புறப்பாடு முடிந்து அவரும் அங்கேதான் இருப்பார். அவரோடு சேர்ந்து வாசிக்கும்போது செயலியின் டியூனிங்கைத் திறந்து வைத்திருங்கள். ஊத ஊதக் குழல் சூடேறிச் சுருதி மேலே போகும்; உங்கள் ஐபேடு 440 ஹெர்ட்ஸ் சுருதியிலேயே நிற்கும். அவரைக் கீழே இறங்கச் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சென்ட் கணக்கில் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற வேண்டும்.

தவில் விஷயம் வேறு. அடி அடியாகப் பிரித்து வைக்க முடியும் என்பதால் போன் அதற்குப் பொருத்தம். தெரிந்த தவில்காரரிடம் எதற்கென்று சொல்லி, சம்மதம் வாங்கி, பணமும் கொடுத்து ஒரு மதியம் பதிவு செய்யுங்கள். கூடு மாட்டிய விரலால் வலந்தலையில் விழும் சொற்கள், கழியால் இடந்தலையில் விழும் அடிகள் என்று ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக நாலைந்து தடவை வாசிக்கச் சொல்லுங்கள். போனை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், கிட்டே வைத்தால் ஒலி உடைந்து பதிவாகும். தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். வெட்டி எடுத்ததைக் கோவாலா சாம்ப்ளர் செயலியில் போட்டால் ஆண்ட்ராய்டு, ஐபேடு இரண்டிலும் ஓடும். முத்தாய்ப்புக்கும் பாட்டின் திருப்பத்துக்கும் அதைத் தட்டலாம். தனி ஆவர்த்தனம் செய்யப் பார்க்காதீர்கள்.

டிராக் வைத்து வாசிப்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். போனில் முழுப் பாட்டையும் ஓடவிட்டு மேல் வாசிப்பது போல நிற்பதென்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம், மைக் செட்டுக்காரரே போட்டுவிடுவார். ஷேக்கர், கோரஸ் என்று ஆள் இல்லாத பகுதியை மட்டும் டிராக்கில் வைத்தால் தப்பில்லை. அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இடது பக்கம் 'டிக் டிக்' தாளக்குறிப்பு, வலது பக்கம் இசை என்று மோனோவாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். அதே பிரிப்பு ஒயரில் இடது முனை டிரம்ஸ் வாசிப்பவரின் இயர்போனுக்குப் போகட்டும், வலது முனை மிக்சருக்குப் போகட்டும். ஒரு போனிலேயே முடிந்துவிடும்.

பழைய கீபோர்டை விற்றுவிடாதீர்கள். அதன் ஒலியையும் மிக்சரில் தனிச் சேனலில் கொடுத்துவைத்து, கீபோர்டின் வால்யூமை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். வால்யூம் இறங்கியிருந்தாலும் மிடி போய்க்கொண்டேதான் இருக்கும், ஐபேடு ஒலிக்கும். நடுப் பாட்டில் ஐபேடு நின்றுபோனால் வலது கை வாசித்தபடியே இருக்க, இடது கையால் வால்யூமை ஏற்றுங்கள். பழைய பியானோதான் வரும், ஆனால் பாட்டு நிற்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கீபோர்டில் எந்த எண் ஒலி என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.